'பொம்மை' விமானம் என்று அலட்சியம் வேண்டாம்! நடுவானில் இறக்கை முறிவது ஏன்?

பெட்டியைப் பிரித்ததும் பறக்க விடுவோர் உஷார்! பசை ஒட்டாத மூக்கு, பிளேடு கீறிய வால்: திடுக்கிடும் விவரங்கள்

அமெரிக்காவில் நியூயார்க் நகரம். ஷியா ஸ்டேடியம். 1979-ம் ஆண்டு டிசம்பர் 9-ந்தேதி.

உள்ளூர் ஜெட்ஸ் அணிக்கும், நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணிக்கும் அமெரிக்க கால்பந்து போட்டி. பாதி ஆட்டம் முடிந்து இடைவேளை விட்டார்கள். ரசிகர்களுக்குப் பொழுது போக வேண்டுமே! ரேடியோ மூலம் இயங்கும் குட்டி விமானங்களைப் பறக்க விட்டுக் காட்டினார்கள். அதில் ஒன்று புல் வெட்டும் எந்திரம் போலவே செய்யப்பட்டது. எடை சுமார் 40 பவுண்டு. நம்ம கணக்கில் 18 கிலோ. புல் வெட்டும் எந்திரம் ஆகாயத்தில் பறந்தால் வேடிக்கைக்குக் கேட்கவா வேண்டும்?

அந்த வேடிக்கை விபரீதத்தில் முடிந்தது. கட்டுப்பாட்டை இழந்த எந்திரம், பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்தது. இரண்டு பேருக்குத் தலையில் அடி. அவர்களில் ஒருவர் 20 வயது வாலிபர். மேட்ச் பார்க்க வந்தவர். சில நாட்கள் ஆஸ்பத்திரியில் கிடந்து பரிதாபமாக இறந்தார்.

அதே நியூயார்க்கில், புரூக்ளின் பகுதி பூங்கா ஒன்றில், 2013-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி இன்னொரு பயங்கரம். 19 வயது வாலிபர் ஒருவர் தன்னுடைய ரேடியோ ஹெலிகாப்டரைப் பறக்க விட்டுக்கொண்டிருந்தார். சுழன்ற பிளேடு அவர் தலையிலேயே பாய்ந்தது. அந்த இடத்திலேயே பிணமானார். அவர் புதுசாகக் கற்றுக்கொள்ள வந்தவர் அல்ல. நன்றாகப் பழகியவர்.

எல்.ஐ.சி. மாடியிலிருந்து விழுந்தால்?

"18 கிலோ எங்கே, கடையில் விற்கிற 2 கிலோ, 3 கிலோ எங்கே? நம்ம விமானம் என்ன செய்துவிடும்?" என்று சிலர் கேட்கலாம்.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தால் தெரியும். 3 கிலோ விமானம் மணிக்கு 108 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த வேகத்தில் தாராளமாகப் போகும் விமானங்கள் உண்டு. அது ஒருவர் மீது மோதினால் என்ன ஆகும்? 3 கிலோ எடைக்கல்லை 46 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் என்ன அடி விழுமோ, அதே அடி. மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டிடத்தின் மேல் மாடிகள் ஒன்றிலிருந்து படிக்கல் விழுவது போல. கீழே நிற்பவர் கதி என்ன?

மூக்கில் சுழலும் விசிறி வேறு. 10 அங்குல விசிறி நிமிஷத்துக்கு 10 ஆயிரம் சுற்று சுற்றினால், அதன் நுனி மணிக்கு ஏறக்குறைய 480 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. விரல் பட்டால் விரல் இருக்காது.

மாதக்கணக்கில் கட்டினார்கள்

ரேடியோ விமானம் நேற்று வந்த சமாசாரம் அல்ல. அமெரிக்காவைச் சேர்ந்த வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1937-ம் ஆண்டிலேயே 'கஃப்' என்ற விமானத்தை ரேடியோ மூலம் பறக்க விட்டவர்கள். சென்னைக்கும் இது புதிதல்ல. நடிகர் அஜித்குமாருக்கு இந்தப் பொழுதுபோக்கில் உள்ள மோகம் ஊரறிந்தது. 2018-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்ஷா' குழுவுக்கு அவர் ஆலோசகராகவும் இருந்தார்.

முன்பெல்லாம் இந்த விமானங்களை அவரவரே கட்டினார்கள். பால்சா என்று ஒரு மரம். தக்கை போல லேசு. அதை வரைபடம் பார்த்து அறுத்து, தேய்த்து, ஒட்டி, மேலே துணியோ காகிதமோ போர்த்தி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். ஆனால் ஒரு லாபம் உண்டு. எந்த மூட்டில் எவ்வளவு பசை போட்டோம், எந்த இடம் பலவீனம் என்று கட்டியவருக்கு மனப்பாடம்.

இப்போது கதை வேறு. இறக்கை, உடம்பு, வால் எல்லாம் தொழிற்சாலையிலேயே தயார். மேலே பளபளப்பான பிளாஸ்டிக் போர்வை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு மணி நேரத்தில் மாட்டிவிடலாம். "சாயங்காலமே பறக்கவிடலாம்பா!" என்று பையன் குதிப்பான். அப்பாவும், "சரிடா, ஸ்க்ரூ டிரைவரை எடு" என்று உட்கார்ந்துவிடுவார்.

போர்வைக்குள்ளே என்ன இருக்கிறது? யாருக்கும் தெரியாது!

மூக்கு கழன்றது

விமானத்தின் மூக்குப் பகுதியில் எஞ்சினையோ மோட்டாரையோ தாங்குவது ஒரு சின்ன பிளைவுட் பலகை. பறக்கும் நேரம் முழுவதும் விசிறியின் இழுப்பையும், எஞ்சினின் அதிர்வையும் தாங்குவது அந்த ஒரே பலகைதான். ரெடிமேட் விமானங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது. நாலு மூலையிலும் பசை ஓடியிருக்க வேண்டும். அங்கே ஒரு சொட்டு, இங்கே ஒரு சொட்டு என்று தொட்டு வைத்திருப்பதும் உண்டு. கப்பலில் வாரக்கணக்கில் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்து வரும் பெட்டி வேறு. பசை விட்டுப்போக இது போதும்.

பலகை பெயர்ந்தால் எஞ்சின் சுழலும் விசிறியோடு தனியாகப் பறக்கும். முன்பாரம் போன விமானம், வால் கீழே தொங்கிக் கண்ட பக்கம் விழும். ஒரே நேரத்தில் இரண்டு ஆபத்து.

தடுக்கும் வழி ரொம்ப சுலபம். பலகையைக் கையால் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும். 'கிரீச்' என்று சத்தம் வந்தால் பசை இல்லை என்று அர்த்தம். உள்பக்கம் மூட்டு ஓரம் முழுக்க அரால்டைட் மாதிரி இரண்டு குழாய் பசையைக் கலந்து தடவி, முக்கோணக் கட்டை வைத்து ஒட்டினால் பல வருஷம் அசையாது. செலவு என்னவோ சில பத்து ரூபாய். எண்ணெய் பட்ட இடத்தில் மட்டும் எந்தப் பசையும் பிடிக்காது. சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

பிளேடு செய்த துரோகம்

வால் முறிவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. காரணம், இதில் தப்பு தொழிற்சாலையுடையது அல்ல. வாங்கியவருடையது!

வாலை உடம்போடு ஒட்டுவது வாங்கியவர் வேலை. பிளாஸ்டிக் போர்வை மேல் பசை பிடிக்காது. மரத்தின் மேல்தான் பிடிக்கும். ஆகவே ஒட்டுகிற இடத்தில் மட்டும் போர்வையை அறுத்து எடுக்க வேண்டும். என்ன செய்கிறார்கள்? புது பிளேடு எடுத்து, அளவுகோல் வைத்து, அழுத்தி ஒரு இழுப்பு. போர்வை அழகாக வந்துவிடுகிறது. அடியில் இருந்த பால்சா மரத்திலும் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் விழுந்துவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாது. வாலுக்குப் பலமே அந்த மேல்தோல்தான். கீறல் விழுந்த இடமோ, வால் உடம்பை விட்டு வெளியே வரும் சரியான இடம். காற்றின் அழுத்தம் அத்தனையும் வளைத்துப் பார்ப்பது அந்தக் கோட்டில்தான். கண்ணாடிக் கடையில் வைரப் பேனாவால் கோடு கிழித்துவிட்டு 'டக்' என்று ஒடிப்பார்களே, அதே வித்தை. பத்து தடவை நன்றாகப் பறக்கும். பதினோராவது தடவை குட்டிக்கரணம் போட்டு நிமிரும்போது 'டக்'. வால் இல்லாத விமானத்தை ரிமோட்டில் எந்தக் குச்சியை இழுத்தும் திருப்ப முடியாது.

விவரம் தெரிந்தவர்கள் இந்த வேலைக்கு பிளேடைத் தொடுவதே இல்லை. ரேடியோ மெக்கானிக் கையில் இருக்கும் ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோலை எடுத்து, கோடு வழியே இழுக்கிறார்கள். போர்வை உருகிப் பிரிந்துவிடும். மரத்துக்குச் சேதமில்லை.

3 கிலோ 17 கிலோ ஆன மர்மம்

நேராகப் பறக்கும்போது 3 கிலோ விமானத்தின் இறக்கை 3 கிலோவைத்தான் தூக்குகிறது. தலைகீழாகப் பாய்ந்து வரும்போது கதை மாறும். பயந்துபோன புது ஆசாமி குச்சியை முழுசாகப் பின்னால் இழுப்பார். 108 கிலோ மீட்டர் வேகத்தில், 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் விமானம் வெடுக்கென்று நிமிர்ந்தால், அந்த வினாடியில் இறக்கை தூக்க வேண்டிய பாரம் சுமார் 17 கிலோ! வேகம் இரண்டு மடங்கானால் இறக்கையில் விழக்கூடிய பாரம் நாலு மடங்காகும்.

இந்தப் பாரம் முழுவதும் போய் நிற்பது நடு மூட்டில். இரண்டு இறக்கைகளையும் இணைக்கும் ஒட்டுக்கட்டை அல்லது குழாய் அங்கேதான் இருக்கிறது. குழாய் செருகும் பொந்து லொடலொடவென்று இருந்தாலோ, கட்டையில் பசை அரைகுறையாக இருந்தாலோ இறக்கை இரண்டும் கைகூப்பியது போல் மேலே மடிந்துவிடும். பெட்டியில் போட்டிருப்பதைவிடப் பெரிய எஞ்சினை மாட்டுகிறவர்கள் இந்த ஆபத்தைத் தாங்களே விலை கொடுத்து வாங்குகிறார்கள். வேகம் கூடும். மரம் பழைய மரம்தான்!

வண்டு போல ரீங்காரம்

இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் தகடுகள் உண்டு. அவற்றை ஒட்டியிருப்பது தபால்தலை அளவு மெல்லிய கீல்கள். கீலில் பெவிக்விக் வகைப் பசை சரியாக ஊறாவிட்டால் தகடு கழன்றுவிடும். ஒவ்வொரு தகட்டையும் கையால் இழுத்துப் பார்க்காமல் பறக்கவிடக் கூடாது.

கீல் ஆடினாலும், தகட்டை அசைக்கும் கம்பி லூசாக இருந்தாலும் வேகத்தில் தகடு படபடவென்று துடிக்க ஆரம்பிக்கும். தரையில் நிற்பவர் காதில் வண்டு ரீங்காரம் போலக் கேட்கும். கேட்ட அந்த வினாடியே வேகத்தைக் குறைத்து இறக்கிவிட வேண்டும். "என்ன சத்தம் அது?" என்று யோசித்துக்கொண்டு நின்றால், சில வினாடிகளில் விமானம் பீஸ் பீஸாகிவிடும்.

சக்கரம் பிய்ந்து வருவது சர்வசாதாரணம். பெரும்பாலும் பணம்தான் நஷ்டம், விட்டுத் தள்ளலாம்.

காரில் வெந்த விமானம்

நம்ம ஊர் வெயிலுக்கென்று தனி ஆபத்து உண்டு. சித்திரை மாதத்தில் மூடி நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். தெர்மாகோல் மாதிரி நுரையில் செய்த விமானங்கள் அந்தச் சூட்டில் கோணிக்கொள்ளும். பால்சா விமானத்தின் போர்வை தொய்ந்து, மூட்டு விடும். இறக்கை முறுக்கிக்கொண்ட விமானம் கிளம்பியதும் ஒரு பக்கமாகச் சாயும். லித்தியம் பேட்டரியை அந்தச் சூட்டில் போட்டு வைப்பது அதைவிட மோசம். உப்பிப்போன பேட்டரியைச் சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கும்.

அலைவரிசை தகராறு

2.4 கிகா ஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் 2005-க்குப் பிறகு பரவின. அதற்கு முன்பு ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ரிமோட்டைப் போட்டால் ஒருவர் விமானம் அதோகதி. இப்போது அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால் சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி அமைக்கும் வசதி ரிமோட்டில் இருந்தும், பலர் அதைத் தொடுவதே இல்லை. விசிறியைக் கழற்றி வைத்துவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

பாரம் நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். பழகுவதற்கான விமானங்களில், இறக்கையின் முன் ஓரத்திலிருந்து அகலத்தின் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே பொதுவாக இது அமையும். 24 சென்டி மீட்டர் அகல இறக்கை என்றால் 6-லிருந்து 8 சென்டி மீட்டருக்குள். இரண்டு விரலால் அங்கே தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பறக்கவே விடக்கூடாது.

சோதிக்க ஆள் இல்லை!

இவ்வளவு ஆபத்தான சாமானின் பலத்தை அரசாங்கம் சோதிப்பதில்லையா? இல்லை!

மத்திய அரசின் டிரோன் விதிகள் 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளியாயின. 25 கிலோவுக்கு மேற்படாமல், கண்ணுக்கெட்டிய தூரத்தில், படிப்புக்கோ, ஆராய்ச்சிக்கோ, பொழுதுபோக்குக்கோ பறக்கவிடும் மாதிரி விமானங்களுக்கு அந்த விதிகளில் தரச் சான்றிதழ் தேவையில்லை. பசை ஒட்டியிருக்கிறதா என்று எந்த அதிகாரியும் பார்க்க மாட்டார். பார்க்க வேண்டியவர் வாங்கியவர்தான்.

எங்கே பறக்கவிடலாம் என்பதற்கு மட்டும் கெடுபிடி உண்டு. விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோ மீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. 8-லிருந்து 12 கிலோ மீட்டர் வரை 200 அடி உயரம்தான். பச்சை மண்டலம் எனப்படும் மற்ற இடங்களில் 400 அடி. பல்லாவரம், குரோம்பேட்டை மொட்டை மாடிகளில் ஞாயிற்றுக்கிழமை விமானம் விட நினைப்பவர்கள் மீனம்பாக்கம் எவ்வளவு பக்கம் என்பதை யோசித்துக்கொள்ளட்டும். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 250 கிராமுக்கு மேற்பட்ட விமானம் என்றால், அது விழுந்து மூன்றாம் மனிதருக்கு ஏற்படும் சேதத்துக்கான இன்சூரன்சும் எடுத்திருக்க வேண்டும்.