‘எல்லோரும்’ என்றால் எத்தனை பேர்?

பழைய அனலாக் வாக்கிடாக்கியில் ஒருவர் வாய் திறந்தால், அதே அலைவரிசையில் இருக்கும் எவருக்கும் கேட்டுவிடும். டிஜிட்டல் வாக்கிடாக்கி ஆள் பார்த்துத்தான் பேசும். ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் 2005-இல் வெளியிட்ட டி.எம்.ஆர். முறையில், ஒவ்வொரு அழைப்போடும் ஓர் எண் போகிறது. அது தன் எண்ணாகவோ, தன் பட்டியலில் உள்ள குழுவின் எண்ணாகவோ இருந்தால் மட்டுமே கருவி ஒலிக்கும். இவற்றுக்கு மேல் 16777215 என்ற எண் ஒன்று உண்டு. அந்த எண்ணுக்கு அழைத்தால், அதாவது பொது அழைப்பு விடுத்தால், குழு வேறுபாடு பாராமல் எல்லாக் கருவிகளும் ஒலிக்கும். ஆலைகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும் இந்த வசதியைப் பலரும் நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை ஒரு முறை சோதித்துப் பார்ப்பது அவசியம் என்றே நினைக்கிறேன்.

முதலில், இந்த ‘எல்லாம்’ உண்மையில் எல்லாம் அல்ல. 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையை டி.எம்.ஆர். 30 மில்லி விநாடிக் கூறுகளாக நறுக்கி, இரண்டு உரையாடல்களுக்கு மாறி மாறிக் கொடுக்கிறது. காவலர்கள் ஒரு கூறிலும் பராமரிப்பு ஊழியர்கள் மறு கூறிலும் இருந்தால், ஒரு பக்கம் விடுத்த பொது அழைப்பு மறுபக்கத்துக்குப் போகாது. வேறு சேனலுக்குத் திருப்பி வைத்தவரும், அடித்தளத்தில் சிக்னல் எட்டாத இடத்தில் நிற்பவரும் அப்படியே. பாதியில் கருவியை இயக்குபவர் மட்டும் தப்புகிறார்; பேச்சின் ஊடே குழு எண் திரும்பத் திரும்ப வருவதால் அவரும் உடனே சேர்ந்துகொள்வார். ஆனால் ‘வடக்கு வாசல் பக்கம் போகாதீர்கள்’ என்பதில் அவர் காதில் விழுவது ‘போகாதீர்கள்’ மட்டுமே. எந்த அறிவிப்பையும் இரண்டு முறை சொல்ல வேண்டும் என்பதற்கு இதுவே போதிய காரணம். எத்தனை பேர் கேட்டார்கள் என்று அழைத்தவருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடும் குழு அழைப்பில் இல்லை.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் தீயணைப்புப் படையினர் கையில் இருந்தவை அனலாக் கருவிகள். ஆனாலும் அன்று நடந்தது இதற்குப் பொருந்தும். காலை 9:59-க்குத் தெற்குக் கோபுரம் இடிந்த ஏறத்தாழ ஒரு நிமிடத்தில், வடக்குக் கோபுரத்தில் இருந்தவர்களுக்கு வெளியேறும்படி ரேடியோவில் உத்தரவு போனது. அந்தக் கோபுரம் விழுந்தது 10:28-க்கு. நடுவில் கிடைத்த நேரம் பலரைக் காப்பாற்றியது. ஆனால் சிலர் வேறு சேனலில் இருந்தார்கள், சிலரிடம் கருவியே இல்லை, சிலருடைய கருவிகளுக்கு அலை எட்டவில்லை என்று விசாரணை ஆணையம் 2004-இல் பதிவு செய்தது. அன்று அந்தப் படை 343 பேரை இழந்தது. உத்தரவு போனது என்பதும் அது கேட்டது என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியவில்லை.

பொது அழைப்பு விடுக்கும் உரிமை சிலரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்றால், ‘தீயை முதலில் பார்ப்பவர் கடைநிலை ஊழியராக இருக்கலாம், பொது அழைப்பை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டாமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கூறில் ஒரு நேரத்தில் ஒரு குரலுக்குத்தான் இடம். பத்துப் பேர் ஒரே சமயம் பொத்தானை அழுத்தினால் யார் சொல்வதும் தெளிவாகப் போய்ச் சேராது. அந்த ஊழியருக்காகவே அவசரப் பொத்தான் தனியாக இருக்கிறது. எந்த வழி பாதுகாப்பானது என்று அறிந்த கட்டுப்பாட்டு அறைக்கு அது தகவல் தரும்படி அமைக்கலாம். எனவே பொது அழைப்பு இரண்டு மூன்று கைகளில் இருந்தால் போதும். கைப்பேசிக் குழு இருக்கிறதே என்பவர்கள், 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் கைப்பேசிச் சேவை நின்றுபோனதை மறந்திருக்க மாட்டார்கள்.

அறிவிப்பு முடிந்ததும் கட்டுப்பாட்டு அறை இரு கூறுகளிலும் ஒவ்வொரு குழுவையும் பெயர் சொல்லி அழைத்து, ‘கேட்டதா?’ என்று பதில் வாங்க வேண்டும். பதில் வராத குழு இருக்கும் இடத்துக்கு ஆள் போக வேண்டும்.