கார்டிசாலைச் சுமக்கும் பன்றிப் புரதம்

ஆத்தங்குடியிலிருந்து காரைக்குடிக்கு ரத்தம் கொடுக்கப் போகிறவருக்கு டாக்டர் கார்டிசால் டெஸ்ட் எழுதியிருந்தால், "காலை எட்டு மணிவாக்கில் போய்விடுங்கள்" என்றும் சொல்லியிருப்பார். அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடங்கிவிடும். பயம், காயம், காய்ச்சல் எது வந்தாலும் நேரங்காலம் பாராமல் ஏறும். ஸ்ட்ரெஸ் ஹார்மோன் என்று பேர் வாங்கியது அதனால்தான். ரிப்போர்ட்டில் அதற்கு ஓர் எண் போட்டுக் கொடுப்பார்கள். அந்த எண்ணில் பெரும்பகுதி, அந்த நேரத்தில் எந்த வேலையும் செய்யாத கார்டிசால்!

ரத்தத்தில் ஓடும் கார்டிசாலில் 80 முதல் 90 சதவீதம் ஒரே புரதத்தின் பிடியில் இருக்கிறது. கார்டிகோஸ்டீராய்டு பைண்டிங் குளோபுலின், சுருக்கமாக சிபிஜி. கல்லீரல் செய்து அனுப்புவது. இன்னும் கொஞ்சம் ஆல்புமினோடு ஒட்டிக்கொள்கிறது. மீதி சுமார் 5 சதவீதம்தான் தனியே திரிகிறது. செல்லுக்குள் புகுந்து காரியம் பார்ப்பது அந்த 5 சதவீதம்.

அப்படியானால் சிபிஜி வெறும் சுமைதூக்கியா? இல்லை. எங்கே இறக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். அதன் உடம்பிலிருந்து ஒரு கண்ணி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கிருமி புகுந்த இடத்தில் கூடும் வெள்ளை அணுக்கள் எலாஸ்டேஸ் என்ற நொதியை விடும். அது இந்தக் கண்ணியை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட கண்ணி புரதத்துக்குள்ளேயே பாய்ந்து செருகிக்கொள்ள, மொத்த வடிவமும் மாறி, கார்டிசால் மீதான பிடி தளர்கிறது. அழற்சியைத் தணிக்கும் மருந்தான கார்டிசால், அழற்சி உள்ள இடத்திலேயே இறங்குகிறது. ராபின் கேரல் உள்ளிட்ட குழுவினர் 1988-இல் நேச்சர் இதழில் இந்த வடிவ மாற்றத்தை எழுதினார்கள். உடம்புச் சூடு ஏறினாலும் பிடி பல மடங்கு தளர்கிறது என்பது பின்னால் தெரிந்தது. காய்ச்சல்காரர் உடம்பில், சுரப்பி கூடுதலாகச் சுரப்பதோடு கையிருப்பும் விடுபடத் தொடங்கிவிடும்.

இதில் பன்றி எங்கே வந்தது? ஆய்வகத்து எலிக்கு முக்கிய ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கார்டிகோஸ்டீரோன். பன்றிக்கோ நம்மைப் போலவே கார்டிசால். பிரான்சின் வேளாண் ஆய்வு நிறுவனத்தில் சீனத்து மெய்ஷான் பன்றியையும் லார்ஜ் ஒயிட் பன்றியையும் கலந்து வளர்த்தபோது, குட்டிகளின் கார்டிசால் அளவு ஏகத்துக்கு வேறுபட்டது. காரணம் தேடிப் போனவர்களை ஏழாவது குரோமோசோம் சிபிஜி மரபணுவிடம் கொண்டுபோய் விட்டது. ஸ்ட்ரெஸ் ஆய்வு என்றாலே மூளையையும் அட்ரீனலையும் பார்த்த காலத்தில், சரக்கேற்றும் புரதத்தின் மீது கைகாட்டியது நல்ல கண்டுபிடிப்பு என்பேன்.

சரி, ஒரு பன்றியின் ரத்தத்தில் சிபிஜி எவ்வளவு என்று எப்படி அளப்பது? ஒப்பிட்டுப் பார்க்க, அளவு தெரிந்த சுத்தமான புரதம் வேண்டும். ரத்தத்திலிருந்து பிரித்தால் கிடைப்பது சொற்பம், தடவைக்குத் தடவை மாறும். ஆத்தங்குடித் தரைக்கல்லில் ஒன்றைப் போல் இன்னொன்று அச்சாக இராது. கையால் வண்ணம் ஊற்றுவதால் வரும் அழகு அது. ஆய்வகத்தில் அதே குணம் குற்றம். எனவே பன்றியின் சிபிஜி மரபணுவைப் படியெடுத்து, வளர்ப்புச் செல்களுக்குள் செலுத்தி, அவற்றையே புரதம் செய்ய வைக்கிறார்கள். பல சமயம் புரதத்தின் நுனியில் ஆறு ஹிஸ்டிடின்களைச் சேர்த்துவிடுவார்கள். செல் குழம்பை நிக்கல் பூசிய மணிகள் வழியே விட்டால் அந்த நுனி நிக்கலைப் பற்றிக்கொள்ளும், மற்றதெல்லாம் வழிந்து ஓடிவிடும். பிறகு இமிடசோல் கரைசலை ஊற்றினால் புரதம் கழன்று வரும். அளவுகோலாக வைக்கவும், ஆன்டிபாடி உண்டாக்கவும், ஹார்மோனை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று சோதிக்கவும் இது பயன்படும்.

ஒரு விஷயம் நமக்கும் உதவும். கர்ப்பத்திலும், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை சாப்பிடும்போதும் சிபிஜி இரண்டு மூன்று மடங்கு கூடும். ரிப்போர்ட்டில் கார்டிசால் எகிறி நிற்கும், உடம்பில் கோளாறு ஒன்றும் இராது. எச்சில் பரிசோதனையில் இந்தக் குழப்பம் குறைவு, அதில் வருவது தனித்த கார்டிசால். ரத்தம் கொடுக்கும் முன் அந்த மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.