பழைய மோரிஸ் மைனருக்குப் புதிய எரிபொருள் முறை



மோரிஸ் மைனர் என்னும் சிறிய கார் இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்டது. மலாயாச் சாலைகளிலும் அது நிறைய ஓடியது. இன்றும் சில வீடுகளில், தாத்தா வாங்கிய வண்டி என்று துணி போர்த்திப் பாதுகாத்து வருகிறார்கள். பட்டணத்துப் பட்டறையில் வேலை பழகும் பிள்ளைகள், "அப்பா, இதன் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்சன் வைத்துவிடலாம், புது வண்டி போல ஓடும்" என்று சொல்வதுண்டு. மருத்துவமனையில் போடும் ஊசிக்கும் அதே பெயர்தான். ஆகவே பெரியவர்கள் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். ஆனால் இது பணமும் உயிரும் சம்பந்தப்பட்ட வேலை. வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருப்பது நல்லது.

முதலில் கார்புரேட்டர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கொசு மருந்து அடிக்கும் பழைய கைப்பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். பிடியைத் தள்ளினால் காற்று ஒரு சிறு குழாயின் வாய்க்கு மேலாகப் பாய்கிறது. அந்தக் காற்று டப்பாவிலுள்ள மருந்தை மேலே இழுத்துப் புகை போலச் சிதறடிக்கிறது. கார்புரேட்டரும் ஏறத்தாழ அப்படித்தான். எஞ்சின் காற்றை இழுக்கிறது. ஒடுங்கிய வழியில் காற்று விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. பெட்ரோல் தானாக மேலேறிக் கலக்கிறது. மோரிஸ் மைனரில் இருப்பது எஸ்.யூ. கார்புரேட்டர். அதைச் செய்த ஸ்கின்னர் சகோதரர்கள் காலணி வணிகக் குடும்பத்தினர். அவர்களுடைய முதல் கார்புரேட்டரில் தோல் துருத்தி ஒன்று இருந்தது என்பது சுவையான செய்தி. பின்னர் அதற்குப் பதிலாக உலோக உருளை வந்தது. காற்று மிகுந்தால் உருளை உயரும். அதன் அடியில் தொங்கும் கூம்பு ஊசியும் உடன் உயர்ந்து பெட்ரோலுக்கு வழி விடும்.

இன்ஜெக்சன் முறையோ தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும் தோள் பம்பைப் போன்றது. அங்கே காற்று மருந்தை இழுப்பதில்லை. அழுத்தம் அதைத் தள்ளுகிறது. முனையைத் திறந்தால் பீய்ச்சும், மூடினால் நின்றுவிடும். காரில் அந்த முனையைத் திறந்து மூடுவது மின்சாரம். ஒவ்வொரு முறையும் ஆயிரத்தில் சில விநாடிகளே அது திறந்திருக்கும். எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை ஒரு சிறிய கணினிப் பெட்டி கணக்கிடுகிறது. காற்றின் அழுத்தம், எஞ்சின் சூடு, சுழலும் வேகம், மிதியை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பவற்றை உணர்கருவிகள் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். புகைக்குழாயில் வைக்கும் மற்றொரு கருவி, எரிந்தது சரிதானா என்று தெரிவிக்கும். எடைக்கு எடை, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று இருந்தால் இரண்டும் மிச்சமின்றி எரியும். அந்த அளவை ஒட்டியே கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

இதனால் நமக்கு என்ன நன்மை? குளிர் நாட்டில் காலையில் எளிதாகக் கிளம்பும் என்பார்கள். நமக்கு அது பெரிதல்ல. நம் வெயிலில் சிறிது நேரம் நிறுத்திய வண்டியில், கார்புரேட்டரின் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் சூட்டில் கொதித்து, மறுபடி கிளம்பாமல் அடம் பிடிக்கும். அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் அவ்வளவு எளிதில் கொதிக்காது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவுக்கு ஏறும்போது காற்று மெலிந்துவிடும். பழைய கார்புரேட்டர் அதை அறியாது, கணினி அறியும். மற்றபடி வேகம் பெரிதாகக் கூடும் என்று எண்ண வேண்டாம். 1,098 சி.சி. எஞ்சின் 1,098 சி.சி. எஞ்சினாகவே இருக்கும்.

இந்த எஞ்சினுக்கு இன்ஜெக்சன் பொருந்துமா என்ற ஐயம் தேவையில்லை. இதே குடும்பத்து எஞ்சினைக் கொண்ட மினி கூப்பர் காருக்கு 1991-இல் ரோவர் நிறுவனமே ஒரு பீய்ச்சுமுனை வைத்து விற்றது. 1996-இல் இரண்டு முனைகள் வைத்தது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இறுகியதே அதற்குக் காரணம். நான்கு சிலிண்டருக்கு ஏன் இரண்டு முனை? இந்த எஞ்சினில் இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரே வாசல் வழியாக மூச்சு இழுக்கின்றன. உள்பக்கத்துச் சிலிண்டர் இழுத்து முடித்த கையோடு வெளிப்பக்கத்துச் சிலிண்டர் இழுக்கும். பிறகு நீண்ட இடைவெளி. ஒரே தட்டில் இரண்டு பிள்ளைகள் சாப்பிடுவது போலத்தான். வாசலருகில் முனை வைத்தால், பீய்ச்சும் நேரம் சற்றுப் பிசகினாலும் ஒருவனுக்கு அதிகம், மற்றவனுக்குக் குறைவு. ஆகவே கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே ஒரு முனை வைப்பது முதல் முறை செய்பவர்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

பீய்ச்சுமுனையை மாட்டுவது சிறு வேலை. பெரிய வேலை குழாயிலும் மின்சாரத்திலும் இருக்கிறது. பழைய பம்பு சதுர அங்குலத்திற்கு இரண்டு மூன்று ராத்தல் அழுத்தமே தரும். புதிய முறைக்கு, வகையைப் பொறுத்து, 15 முதல் 60 ராத்தல் வரை வேண்டும். பழைய ரப்பர் குழாயும் திருகுப் பட்டையும் இதைத் தாங்கா. உயர் அழுத்தத்துக்கென்று முத்திரையிட்ட குழாயே வேண்டும். மிஞ்சிய பெட்ரோல் தொட்டிக்குத் திரும்பத் தனிக் குழாயும் பெரும்பாலும் வேண்டும். தொட்டியில் துரு இருந்தால் நுண்ணிய முனை அடைத்துக்கொள்ளும். வளைவுகளில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்பு காற்றை உறிஞ்சினால் எஞ்சின் அந்தக் கணமே தடுமாறும். கார்புரேட்டரின் கிண்ணத்தில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது, இதில் இல்லை. அதற்காக இடையில் ஒரு சிறு சேமிப்புக் குடுவை வைப்பார்கள்.

மின்சாரத்தில் ஒரு பொறி இருக்கிறது. மோரிஸ் மைனரில் பேட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கணினிப் பெட்டிகளுக்கு எதிர்முனையே உடலோடு சேர வேண்டும். மாற்றாமல் இணைத்தால் பெட்டி கருகிப் போகும். பழைய டைனமோ சுமார் 22 ஆம்பியர்தான் தரும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதுவும் வராது. பம்பும் கணினியும் விளக்கும் துடைப்பானும் ஒன்றாக ஓட ஆல்டர்னேட்டர் தேவை. இந்தச் செலவுகளைக் கேட்டறியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வீட்டிலுள்ள தாய்மார்களும் இனிச் சொல்வதைக் கவனிக்க வேண்டும். குறைந்த அழுத்தத்தில் கசியும் பெட்ரோல் சொட்டும். உயர் அழுத்தத்தில் கசிவது பனிபோலப் பீய்ச்சிச் சூடான புகைக்குழாய் மேல் படும். ஒரு பொறி போதும். எஞ்சினை நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். அதைத் தணிக்காமல் இணைப்பைக் கழற்றக் கூடாது. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்குமாறு கணினி வழியாக இணைக்க வேண்டும்; மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் விசையும் வேண்டும். பம்பை நேராகச் சாவியோடு இணைத்தால், வண்டி மோதிக் குழாய் அறுந்த பிறகும் அது பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும், எஞ்சினைக் கிளப்பாமல் பம்பை மட்டும் ஓட்டி, ஒவ்வோர் இணைப்பையும் கைவிளக்கால் பாருங்கள். லயத்து வீட்டு அடுப்படியின் பின்புறத்தில் இவ்வேலை வேண்டவே வேண்டாம். திறந்த வெளியில், தீயணைப்புக் கருவியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு செய்யட்டும்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. வண்டி தடுமாறுகிறது என்பதற்காகவே மாற்ற நினைத்தால், கார்புரேட்டரின் மேல் மூடியைத் திருகிப் பாருங்கள். உருளையை நிதானப்படுத்த அங்கே சிறிது மெல்லிய எண்ணெய் இருக்க வேண்டும். அது வற்றினாலே மிதிக்கும்போது எஞ்சின் திணறும். காற்றடைப்புத் தகட்டின் அச்சு தேய்ந்து ஆடினால் அவ்வழியே காற்று புகும். ஊசி தேய்ந்திருக்கலாம், வால்வு இடைவெளி பிசகியிருக்கலாம். இவற்றைச் சரிசெய்யும் செலவு, இன்ஜெக்சன் செலவில் சிறு பகுதிதான். எஞ்சினே அழுத்தம் இழந்து கிடந்தால் எந்தக் கணினியும் அதைக் காப்பாற்றாது.

எல்லாம் பார்த்த பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், முன்கூட்டியே ஜே.பி.ஜே. அலுவலகத்தில் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய கார்புரேட்டரை அதன் ஊசி வளையாதபடி எண்ணெய்த் துணியில் சுற்றி, திருகுகளோடு ஒரே டின்னில் போட்டு வையுங்கள்.