தரவரிசையும் எண்ணும் முறையும்

மலாயாப் பல்கலைக்கழகம் 2004ஆம் ஆண்டு டைம்ஸ் உயர்கல்வி இதழின் உலகத் தரவரிசையில் 89ஆம் இடத்தைப் பெற்றது. மறு ஆண்டே 169ஆம் இடத்திற்கு இறங்கியது. ஓராண்டிற்குள் கற்பித்தல் அவ்வளவு தாழ்ந்துவிடவில்லை. முதலாண்டில் சீன, இந்திய வம்சாவளி மலேசியர்கள் வெளிநாட்டவராகக் கணக்கிடப்பட்டிருந்தனர். அப்பிழை திருத்தப்பட்டதே சரிவுக்கு முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது. இம்மண்ணில் பிறந்தோர் அயலவராக எண்ணப்பட்டதால் பல்கலைக்கழகத்திற்குப் பெருமை சேர்ந்தது விந்தையே.

அன்று அப்பட்டியலுக்குத் தரவு திரட்டிய கியூஎஸ் நிறுவனம், பின்னர்த் தனியே வெளியிட்டுவரும் பட்டியலில், கல்வியாளர் கருத்துக்கு 30 விழுக்காடும் பணியமர்த்துவோர் கருத்துக்கு 15 விழுக்காடும் வழங்குகின்றது. ஆசிரியர் மாணவர் விகிதத்திற்கு 10 மட்டுமே. வகுப்பறைக் கற்பித்தலை நேரே அளக்கும் கூறு எதுவுமில்லை. ஆய்வு மேற்கோள்களுக்குரிய 20 விழுக்காடு ஸ்கோபஸ் தரவுத்தளத்தைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. தமிழாய்விதழ்கள் அதில் இடம்பெறுவது அரிது. ஆதலின் தமிழில் எழுதப்படும் ஆய்வு, எத்துணைச் சிறந்ததாயினும், அக்கணக்கில் பெரும்பாலும் சேர்வதில்லை.

இதன்பொருட்டுத் தமிழில் எழுதுவதைக் கைவிடுதல் தகாது. இதழைக் காலந்தவறாது வெளியிடுதல் (நமக்கு இதுவே கடினம்), துறைசார் அறிஞரைக் கொண்டு கட்டுரைகளை மதிப்பிடுதல், ஆங்கிலச் சுருக்கமும் ரோமன் எழுத்தில் துணைநூற் பட்டியலும் சேர்த்தல், பல்கலைக்கழகப் பெயரை எங்கும் ஒரே வடிவில் குறித்தல் ஆகியன தமிழ்த்துறைகள் தாமே தொடங்கத்தக்கவை.