அஸீஸ் என்றால் யார்?



கொத்மலைப் பாடசாலையொன்றில் ஒரே வகுப்பில் இரண்டு அஸீஸ் இருந்தால், இடாப்பில் தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் பார்த்தே யார் யாரென்று அறிகிறோம். ஆனால் நாட்டின் சரித்திரத்தைச் சொல்லும்போது அந்த எழுத்துகளை விட்டுவிடுகிறோம். பிள்ளைகளோ எல்லா அஸீஸும் ஒருவரே என்று எண்ணிவிடுகிறார்கள்.

மூவரைப் பிரித்தறிவோம்.

மர்ஹூம் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் கொழும்பில் வாழ்ந்த பத்திரிகையாளர். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் எழுதியதற்கு 1907 இல் நூலொன்றால் மறுப்புரைத்தார். வசையை வசையால் எதிர்க்காமல் வாதத்தால் எதிர்த்தார். 1915 இல் காலமானார்.

மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1935 இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். அந்தப் பெரும் பதவியைத் துறந்து, 1948 இல் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். அதற்கு முன்பே, 1945 இல், ஏழை மாணவருக்கென முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார்.

மூன்றாமவர் நம் மலைகளோடு சம்பந்தப்பட்டவர். மர்ஹூம் அப்துல் அஸீஸ் இந்தியாவில் பிறந்து இங்கு வந்த தொழிற்சங்கத் தலைவர். 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியபோது, அவர்களுக்காகக் குரல் கொடுத்தோரில் முன்னின்றார். 1956 இல் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தார். அத்தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். அநீதிக்கு ஆளானவனின் மார்க்கத்தைக் கேட்டுவிட்டா உதவ வேண்டும்?

வாசகர்களே! இம்மூவரும் வெவ்வேறு இடத்தவர். ‘அஸீஸ்’ மேல்நாட்டாரின் குடும்பப் பெயர் போன்றதன்று. தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கி வருவதுமன்று. ‘அப்துல் அஸீஸ்’ என்றால் யாவரையும் மிகைத்தவனின் அடியான் என்பது பொருள். கண்ணியம் எஜமானனுக்கு, ஊழியம் அடியானுக்கு. ஒருவர் தம் சமூகத்தின் அடையாளத்துக்கும், ஒருவர் கல்விக்கும், ஒருவர் கூலியாட்களின் உரிமைக்கும் ஊழியம் செய்தனர்.

பிள்ளைக்குப் பெயர் சூட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அப்பெயரைத் தாங்கியோர் யார், எவருக்காக உழைத்தனர் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். முதலெழுத்தைத் தகப்பன் கொடுக்கிறான். அப்பெயருக்குரிய நற்பெயரை மகனே தேடிக்கொள்ள வேண்டும்.