குறைத்துண்ணல் யாருக்கு மருந்து?

பசியைப் பிணியெனக் கண்டு, அதனைத் தீர்த்தலைத் தலையாய அறமாகப் போற்றிய காப்பியம் மணிமேகலை. வற்றாத அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வந்த இடம் மணிபல்லவத் தீவு. அத்தீவு நமது நயினாதீவே என்பது அறிஞர் பலரின் கருத்து. நாகபூசணி அம்மனை வழிபட வரும் அடியார்க்கு அங்கே அன்னமிடும் மண்டபமும் அமுதசுரபி என்ற பெயரையே தாங்கி நிற்கின்றது.

இத்தகைய தீவகத்திலே, "எவ்வளவு குறைத்து உண்ணலாம்?" என்னும் வினா இன்று எழுவது முரணாகத் தோன்றலாம். ஆயினும், எவ்வளவு உண்டும் அடங்காத யானைத்தீ நோயால் வருந்திய காயசண்டிகையையும் அக்காப்பியமே காட்டுகின்றது. உணவின்மையும் துன்பம், உண்டும் அமையாமையும் துன்பம். ஆகவே இவ்வினாவை நகைத்துத் தள்ளுதல் ஆகாது.

நம் முன்னோர் துலாவில் நீர் இறைத்தனர், பனை ஏறினர், தோணி வலித்தனர். இன்று நீரிறைக்கும் பொறியும் மோட்டார்ச் சைக்கிளும் இயந்திரப் படகும் அவ்வுழைப்பை ஏற்றுக்கொண்டன. உழைப்புக் குறைந்த இடத்தில் உணவு குறையாவிடின், மிகுதி கொழுப்பாக உடலில் தங்குகின்றது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது வழி திறக்கின்றது.

உணவு தரும் ஆற்றலைக் கலோரியால் அளப்பர். நாளொன்றுக்கு 1200 முதல் 1500 கலோரி வரை உண்பதைக் குறைகலோரி உணவு என்பது பொது வழக்கு. 800 கலோரிக்கு மேற்படாதது மிகக் குறைந்த உணவு; அது வைத்தியரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே கொள்ளத்தக்கது.

இவ்விடயத்தில் இரண்டு ஆய்வுகளை ஒப்புநோக்குதல் பயன்தரும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோற்றாவில், உடல்நலம் வாய்ந்த 36 இளைஞர்க்கு ஆறு திங்கள் ஏறத்தாழ 1570 கலோரி உணவே அளிக்கப்பட்டது. அவர்கள் தம் எடையில் காற்பங்கை இழந்தனர், சோர்ந்தனர், எளிதிற் சினந்தனர், இரவும் பகலும் உணவையே எண்ணினர். 2017இல் வெளியான பிரித்தானிய ஆய்வோ வேறு கதை சொல்கின்றது. பருமனும் அண்மையில் தோன்றிய இரண்டாம் வகை நீரிழிவும் உடையோர், மூன்று முதல் ஐந்து திங்கள் வரை ஏறத்தாழ 850 கலோரி உணவு கொண்டனர். ஓராண்டு முடிவில் அவர்களுள் 46 வீதத்தினர் மருந்தின்றியே நோய் தணிந்து வாழ்ந்தனர். ஈராண்டின் முடிவில் அது 36 வீதமாயிற்று.

ஒருவர்க்குத் துன்பமானது மற்றொருவர்க்கு மருந்தானது எவ்வாறு? முன்னவரிடம் குறைப்பதற்கு மிகுதி இல்லை, பின்னவரிடம் இருந்தது. அன்றியும், இன்சுலின் ஏற்றுவோர் பின்னைய ஆய்விற் சேர்க்கப்படவில்லை. சேர்ந்தோரின் நீரிழிவு மாத்திரைகளும் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டன. ஆகவே, எத்தனை கலோரி என்பதற்கு முன் யாருடைய உடல் என்பதே வினா என்பது என் துணிபு.

முதலில், உண்மையில் மிகுதி உண்டா என அறிதல் வேண்டும். கிலோகிராமில் உள்ள எடையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் 23ஐக் கடக்கும்போதே ஆசிய மக்களிடையே ஆபத்து மிகத் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. கருவுற்ற தாயர், பாலூட்டுவோர், வளரும் பிள்ளைகள், மெலிந்த முதியோர் ஆகியோர்க்குக் கடுங்குறைப்பு உரியதன்று.

அடுத்து மருந்து. இன்சுலினோ, சிலவகை நீரிழிவு மாத்திரைகளோ கொள்பவர் மருந்தை மாற்றாது உணவைப் பாதியாக்கினால், இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரும். உயிருக்கே இடர் நேரலாம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகிற் செல்ல ஒரு மணி நேரம் வேண்டும். நள்ளிரவில் மயங்கியவரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருதல் எளிதோ? கடல் சூழ்ந்து வாழ்வோர் பிறரினும் இருமடங்கு முன்யோசனை கொள்ளல் வேண்டும்.

இறுதியாக, எதைக் குறைப்பது என்பது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. ஆகவே எண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் சீனியையும் சோற்றையும் சுருக்கலாம். மீனையும் பயற்றையும் முருங்கையிலையையும் சுருக்கலாகாது. புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். ஒடியற்கூழ் நமது பழைய உணவென்பதனாலேயே கலோரி குறைந்ததாகிவிடாது. ஒடியல் மாவும் மாப்பொருளே. எனினும் மீனும் பயிற்றங்காயும் கீரையும் மிகுதியாகவும் மாவு அளவாகவும் அமைந்த கூழ், ஒரு பிளாவோடு நிறுத்துவார்க்கு நல்லுணவே.

அயலவர் மெலிந்தார் என்பதற்காக நாமும் தட்டைச் சுருக்குதல் அறிவாகாது. ஊர்காவற்றுறையிலாயினும் நயினாதீவிலாயினும், அண்மையிலுள்ள வைத்தியசாலையில் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் அளந்து, உண்ணும் மருந்துகளையும் எடுத்துக் காட்டி, அதன்பின் முதற் பிடியைக் குறைப்பதே முறை. மருந்தை அளவறியாது உண்ண அஞ்சும் நாம், உணவை அளவறியாது விடவும் அஞ்சுதல் வேண்டும்.