வாலாஜாபாத் சாலையும் 1897-ம் வருஷத்துச் சட்டமும்

வண்டலூரிலிருந்து படப்பை, ஒரகடம் வழியாக வாலாஜாபாத் வந்து சேரும் சாலையை விடியற்காலையில் ஒரு முறையாவது பார்த்தவர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள். கிழக்கு வெளுக்கும் முன்னரே தொழிற்சாலை பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கிவிடும். பாலாற்றங்கரைக் கிராமங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் வாலிபர்கள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அந்த பஸ்களில் ஏறிக்கொள்ளுவார்கள். டீக்கடை வாசலில் தமிழோடு ஹிந்தியும் ஒரியாவும் வங்காளியும் கலந்து ஒலிக்கும். ஆற்காட்டு நவாபின் பெயரைத் தாங்கி, கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளங்கள் கூடாரமடித்திருந்த இவ்வூருக்கு இப்போது படியளப்பது ஒரகடமும் வல்லம் வடகாலும் ஸ்ரீபெரும்புதூரும்தான். 2020-ம் வருஷம் மார்ச் மாதம் 25-ந் தேதி காலையில் அந்தச் சாலையில் ஒரு பஸ்கூட ஓடவில்லை.

அன்று இப்பிரதேசத்து ஜனங்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதைப் பற்றி அப்போதே பலர் பலவாறு எழுதினார்கள். பாமரர்கள் வதந்திக்கு இரையானார்கள் என்பதே படித்தவர்களில் அநேகரது தீர்ப்பு. இத்தீர்ப்பை நாம் ஒப்புக்கொள்ளுவதற்கில்லை.

வதந்திகள் இருந்தன என்பது உண்மையே. தமிழ்நாட்டில் கொரோனா நோய் கண்ட முதல் மனிதர் காஞ்சீபுரத்தைச் சேர்ந்தவர். ஓமான் தேசத்திலிருந்து திரும்பி வந்த அவருக்கு நோய் கண்டிருப்பது மார்ச் 7-ந் தேதி உறுதியாயிற்று. அவர் சென்னை ராஜீவ் காந்தி சர்க்கார் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார். ஆயினும், சீன தேசத்தில் எங்கோ உலவுவதாக எண்ணியிருந்த வியாதி நம் ஜில்லாவின் வாசற்படியிலேயே வந்து நின்றுவிட்டது என்ற எண்ணம் ஜனங்களைக் கலக்கிற்று. கோழிக்கறியால் நோய் பரவுகிறது என்று யாரோ கிளப்பிவிட, நாமக்கல் பண்ணைக்காரர்கள் கோழியையும் முட்டையையும் வந்த விலைக்குத் தள்ள நேர்ந்தது. இரவில் ஆகாய விமானத்திலிருந்து மருந்து தெளிக்கப் போகிறார்கள், வெளியே தலைகாட்டாதீர்கள் என்று ஒரு செய்தி செல்போனுக்குச் செல்போன் தாவிற்று. வாசலில் வேப்பிலை செருகப்பட்டது. மஞ்சள் நீர் தெளிக்கப்பட்டது. முகமூடிகளின் விலை ஏறிய ஏற்றத்தைக் கண்டு மத்திய சர்க்கார் மார்ச் 21-ந் தேதி இரண்டடுக்கு முகமூடிக்கு 8 ரூபாய், மூன்றடுக்குக்கு 10 ரூபாய் என்று உச்ச விலை கட்டவேண்டி வந்தது. மாரியம்மனையும் பெருவாரிக் காய்ச்சலையும் கண்ட பாட்டன்மாரின் பேரர்கள் வேப்பிலையைத் தேடியதில் நமக்கு ஆச்சரியமில்லை. கையில் மருந்தில்லாத வைத்தியரும் அன்று அதற்கு மேல் அதிகமாக ஒன்றும் செய்வதற்கில்லை.

ஆனால் வதந்தி ஒரு பங்கென்றால், மற்றொரு பயம் மூன்று பங்கு இருந்தது. அது அரிசியையும் வாடகையையும் பற்றிய பயம்.

அந்த மூன்று தினங்களை நேயர்கள் சற்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, நாடெங்கும் ஒரு நாள் ஊரடங்கு. மாலை 5 மணிக்கு எல்லோரும் கை தட்டினோம். அன்றே தேசத்தில் 75 ஜில்லாக்களை அடைக்கும் முடிவு வெளியாயிற்று. சென்னையும் ஈரோடும் காஞ்சீபுரமும் அப்பட்டியலில் இருந்தன. மறுநாள் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்திற்று. 24-ந் தேதி மாலை 6 மணி முதல் 144 தடையுத்தரவு என்று தமிழ்நாடு சர்க்கார் அறிவித்ததும், ஊருக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று கோயம்பேட்டு பஸ் நிலையத்தில் கூடிய கூட்டத்தைச் சொல்லி முடியாது. ஒருவரையொருவர் நெருங்காதீர்கள் என்ற உத்தரவே ஜனங்களைத் தோளோடு தோள் உராய நிற்க வைத்தது. 24-ந் தேதி இரவு 8 மணிக்குப் பிரதம மந்திரி ரேடியோவிலும் டெலிவிஷனிலும் பேசினார். நள்ளிரவு முதல் இருபத்தொரு நாட்களுக்கு நாடு முழுவதும் அடைப்பு என்றார். நூற்று முப்பது கோடிக்கு மேற்பட்ட ஜனங்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் நான்கு மணி நேரம்! கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதற்குக்கூட அதைவிட அதிக நேரம் வேண்டும்.

நோயைத் தடுக்க அடைப்பே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. இத்தாலியில் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்ததை அப்போது உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. நம் வேலூரிலும் மதுரையிலும் அது நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணவே மனம் கூசுகிறது. நாம் கேட்பது வேறு. கதவை அடைக்கச் சொன்னவர்கள், கதவுக்குள் அடுப்பெரியுமா என்று பார்த்தார்களா?

ஒரகடத்துத் தொழிலாளி ஒருவனுடைய கணக்கை எடுத்துக்கொள்ளுவோம். பெரிய கம்பெனியின் பெயர் பொறித்த சட்டையை அவன் அணிந்திருப்பான். ஆனால் அவனுக்குச் சம்பளம் கொடுப்பவர் காண்டிராக்டர். அந்தக் காண்டிராக்டரையும் அவன் நேரில் கண்டிருக்க மாட்டான். கண்டது மேஸ்திரியை மட்டுமே. ஆறு பேரோ எட்டுப் பேரோ ஓர் அறையில் இருக்கிறார்கள். ஒரு ஷிப்டுக்குப் போனவன் திரும்பி வந்து படுக்கும் பாயில், மற்றொரு ஷிப்டுக்காரன் அப்போதுதான் எழுந்து போயிருப்பான். இவர்களைப் பார்த்து, ஆறடி விலகி இருங்கள் என்று சொன்னால் அவர்கள் எங்கே விலகுவார்கள்? வெளியே போனால் போலீஸ்காரர். உள்ளே இருந்தால் எட்டுப் பேர் மூச்சு. இரவு ஷிப்டு இல்லாமற்போன பிறகு எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் படுக்க இடமில்லாமல், பாதிப் பேர் வாசற்படியில் உட்கார்ந்து விடிய விடிய விழித்திருக்க வேண்டியதுதான்.

உள்ளூர் ஏழைக்கு ரேஷன் கார்டாவது இருந்தது. அரிசிக் கார்டுதாரர்களுக்கு 1,000 ரூபாயும் அரிசி பருப்பு எண்ணெய் சர்க்கரையும் இலவசமாகக் கொடுப்பதாக முதல் மந்திரி எடப்பாடி பழனிசாமி 24-ந் தேதி சட்டசபையில் அறிவித்தார். அது நல்ல காரியம், தாமதமின்றியும் நடந்தது. அம்மா உணவகங்களும் அடுப்பை அணைக்கவில்லை. பீஹாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்தவனுடைய கார்டோ அவன் கிராமத்துக் கடையில்தான் செல்லும். எந்த மாகாணத்துக் கார்டையும் இங்கே ஏற்கும் ஏற்பாட்டில் தமிழ்நாடு சேர்ந்தது 2020 அக்டோபர் முதல் தேதி. அதாவது அடைப்பு தொடங்கி ஆறு மாதம் கழித்து. இடையில் அவர்களுக்கென்று தனியாக அரிசி பருப்பு விநியோகம் நடந்தது உண்மை. ஆனால் எந்த அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற பூரணமான ஜாப்தா எந்தக் காரியாலயத்திலும் இல்லாதபோது, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது மேஸ்திரியின் தயவைப் பொறுத்த விஷயமாயிற்று.

தொழிலாளர்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும், ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்று மத்திய உள்நாட்டு இலாகா மார்ச் 29-ந் தேதி உத்தரவிட்டது. முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். மே மாதம் 18-ந் தேதியோடு உத்தரவு வாபஸாயிற்று. அதன்படி நடக்காத முதலாளிகள் மீது பலாத்கார நடவடிக்கை வேண்டாம் என்று ஜூன் மாதம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆக, அந்த உத்தரவை நம்பி வீட்டுக்காரரிடம் வாதாடிய வடநாட்டுத் தொழிலாளி ஏமாந்ததுதான் மிச்சம். மே முதல் தேதிதான் தொழிலாளர்களுக்கென்று விசேஷ ரயில்கள் ஓடத் தொடங்கின. அவற்றில் ஊர் திரும்பியவர்கள் 63 லட்சத்துக்கும் மேல். அதுவரை பொறுக்க மாட்டாமல் நடந்தவர்கள் எத்தனை பேர்? மே 8-ந் தேதி மகாராஷ்டிரத்தில் ஔரங்காபாத்துக்கு அருகே, நடந்து களைத்துத் தண்டவாளத்தில் உறங்கிய 16 பேர் மீது கூட்ஸ் வண்டி ஏறிற்று. செப்டம்பர் மாதத்தில் பார்லிமெண்டில், வழியில் மாண்ட தொழிலாளர்களின் தொகை என்ன என்று கேட்கப்பட்டபோது, அப்படிப்பட்ட கணக்கு இல்லை என்று சர்க்கார் தரப்பில் பதில் வந்தது.

பீதிக்கு இன்னொரு முகமும் இருந்ததை மறைக்கலாகாது. அதில் ஏழைகள் மட்டும் குற்றவாளிகள் அல்ல. ஏப்ரல் 19-ந் தேதி சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் என்ற நரம்பியல் சிகிச்சை நிபுணர் இந்நோயால் காலமானார். அவருடைய உடலைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய விடவில்லை. வேலங்காட்டு மயானத்தில் கல்லும் தடியும் பறந்தன, ஆம்புலன்ஸ் நொறுங்கிற்று. கடைசியில் சக டாக்டர் ஒருவர் நடு இரவில் தாமே மண்ணைத் தள்ளிப் புதைத்தார். தலைநகரத்தின் நடுவில், படித்தவர்கள் வாழும் பேட்டையில், இது நடந்தது. புதைக்கப்பட்ட உடலிலிருந்து நோய் காற்றில் கிளம்பி வராது என்பதை வீடு வீடாகச் சென்று சொல்ல ஆளில்லை. உத்தரவு சொல்லத்தான் ஆளிருந்தது.

நிற்க. இந்த உத்தரவுகளுக்கு ஆதாரமான சட்டம் எது? நாடு முழுவதற்குமான அடைப்பு 2005-ம் வருஷத்துப் பேரிடர்ச் சட்டத்தின் கீழ் வந்தது. மாகாண சர்க்கார்கள் நோயைப் பற்றிப் போட்ட விதிகளோ பெரும்பாலும் 1897-ம் வருஷத்துக் கொள்ளை நோய்ச் சட்டத்தின் கீழ் வந்தவை. தமிழ்நாட்டு விதிகளும் அப்படியே. பம்பாயில் பிளேக் பரவியபோது அந்நிய துரைத்தனத்தார் அவசரமாகப் பிறப்பித்த நான்கே பிரிவுகள் கொண்ட சட்டம் அது. சர்க்கார் இஷ்டப்பட்ட விதியைச் செய்யலாம், மீறியவனைத் தண்டிக்கலாம், விதியை நிறைவேற்றிய உத்தியோகஸ்தர் மீது வழக்குத் தொடர முடியாது. அடைக்கப்பட்டவனுக்குச் சோறு போட வேண்டும் என்ற வார்த்தை அதில் எங்கும் கிடையாது. அந்தச் சட்டம் பிறந்த வருஷத்திலேயே புனாவில் சோல்ஜர்கள் வீடு புகுந்து சோதனை போட்டதும், பிளேக் கமிஷனர் ராண்டு சுடப்பட்டதும், கேசரியில் எழுதியதற்காக லோகமான்ய திலகர் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை சென்றதும் நேயர்கள் அறிந்தவையே. இருபத்தொரு வருஷங்களுக்குப் பின் 1918-ல் இன்புளூயன்ஸா வந்தது. கோடிக்கு மேற்பட்டவர்கள் மாண்டு, அந்தப் பத்து வருஷத்தில் தேசத்தின் ஜனத்தொகையே குறைந்தது. அந்த மரணங்களில் ஒன்றையேனும் இச்சட்டம் தடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

நம்மவர் இயற்றிய சட்டம் இல்லாமல் இல்லை. ராஜாஜி மந்திரிசபை காலத்தில், டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் சுகாதார மந்திரியாக இருந்தபோது, 1939-ம் வருஷத்துச் சென்னைப் பொது ஜன சுகாதாரச் சட்டம் நிறைவேறிற்று. குடிதண்ணீர், சாக்கடை, தாய் சேய் நலம், உணவு, சந்தை திருவிழா இவையெல்லாம் அதில் வருகின்றன. ஜனங்கள் தங்கும் விடுதிகளைக் குறித்துத் தனி அத்தியாயமே உண்டு. நோயைத் தடுப்பது என்றால் ஜனங்களைத் தடுப்பது மட்டுமல்ல என்பதை அன்றைய காங்கிரஸ் மந்திரிகள் உணர்ந்திருந்தார்கள். ஒரகடத்துத் தொழிலாளர் அறைகளை அந்த அத்தியாயத்தின் நோக்கப்படி யாரேனும் சென்று பார்த்திருந்தால் 2020-ல் பாதிச் சங்கடம் நீங்கியிருக்கும்.

ஒரு வருஷம் கழித்து, இரண்டாவது அலையின்போது, பயம் வேறு குரலில் பேசிற்று. 2021 மே மாதத்தில் ஊரெல்லாம் அடைத்திருக்க, மோட்டார் தொழிற்சாலைகளுக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டது. சக தொழிலாளர்கள் நோயில் விழுவதைக் கண்டு ஹூண்டாய்த் தொழிலாளர்கள் உள்ளிருப்பில் அமர்ந்தார்கள். ஒரகடத்து ரெனால்ட் நிஸ்ஸான் தொழிலாளர் சங்கம், வண்டி கோக்கும் வரிசையில் ஆளுக்கு ஆள் இடைவெளி இல்லை என்று சென்னை ஹைக்கோர்ட்டில் முறையிட்டது. இரு தொழிற்சாலைகளும் சில தினங்கள் மூடப்பட்டன. 2020-ல் வேப்பிலை செருகியவர்களும் 2021-ல் வழக்காடியவர்களும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. நிரந்தர வேலை இருந்தது. காண்டிராக்ட் தொழிலாளிக்கு இரண்டும் இல்லை.

1897-ம் வருஷத்துச் சட்டம் இந்தக் காலத்துக்குப் போதாது என்று சட்டக் கமிஷனே தன் 286-வது அறிக்கையில் 2024 பிப்ரவரி மாதம் சொல்லியிருக்கிறது. 2020-ல் வைத்தியர்களைத் தாக்குவோருக்குத் தண்டனை சேர்க்கப்பட்ட போதிலும், பழைய சட்டம் பெரும்பாலும் பழையபடியே இருக்கிறது. புதுச் சட்டம் எப்படி வர வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அடைப்புக்குக் குறைந்தபட்ச முன்னறிவிப்பு. அடைத்த நாள் முதல் உணவு. காண்டிராக்ட் தொழிலாளி உள்படக் கூலிக்கு யார் பொறுப்பு என்ற தெளிவு. வெளி மாகாணத் தொழிலாளரின் ஜாப்தா. இவை உத்தரவாக வந்தால் 2020-ல் போல ஐம்பது நாளில் வாபஸாகும். சட்டத்தின் பிரிவாக எழுதப்பட வேண்டும். பொது ஜன சுகாதாரம் மாகாணத்தின் அதிகாரத்தில் உள்ள விஷயமாகையால், டில்லிக்காகக் காத்திராமல் 1939-ம் வருஷத்துச் சட்டத்தைத் திருத்தவும் சென்னைச் சட்டசபைக்குத் தடையில்லை. வாலாஜாபாத் காஞ்சீபுரம் தொகுதியிலும் ஒரகடம் ஸ்ரீபெரும்புதூர் தொகுதியிலும் இருக்கின்றன. இவ்விரு தொகுதிகளின் பார்லிமெண்டு அங்கத்தினர்களும், கமிஷனின் அறிக்கை எந்த இலாகாவின் மேஜையில் கிடக்கிறது என்று அடுத்த கூட்டத் தொடரிலேயே கேட்டு, பதிலைத் தங்கள் தொகுதித் தொழிலாளர்களுக்குப் பகிரங்கமாகத் தெரிவிக்க வேண்டும்.